கப்பல் வரலாம்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது பினாங்குத் துறைமுகத்தில், வெல்ட் கீயில் ஒரு கப்பல் ஏஜென்சியில். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். காலையில் கதவைத் திறந்ததும் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எந்தக் கப்பல் எப்போது என்று வெண்கட்டியால் எழுதுவது என் பொறுப்பு. கப்பல் பெயருக்கு எதிரே 'வில்' என்ற சொல்லை எழுதக் கூடாது. 'மே' என்று எழுத வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலமென்றால் 'மைட்'. கப்பல் துறைக்குள் வந்து நங்கூரம் போட்ட பிறகு 'வந்தது'. வரலாம் என்பதிலிருந்து நேரே வந்தது என்பதற்குப் போய்விடுவோம். நடுவில் வரும் என்று ஒரு படி அந்தப் பலகையில் கிடையாது.

எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி, வருமெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். வருமெண்டு நாங்கள் சொல்லி, அது வராட்டி, பொய் சொன்னது கடல் இல்லை. கம்பெனி."

எனக்கு இது கஷ்டமாகத் தெரியவில்லை. இந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் ஒருநாள் வாத்தியார், மூலையில் சாத்தியிருந்த ஒரு குடையைக் காட்டி, இது யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முன்பெஞ்சுச் சீனப் பையன் எழுந்து, அது தலைமையாசிரியருடையதாக இருக்கலாம் என்றான். மே போட்டுச் சொன்னான், சரி. அடுத்தவன், யாராவது மறந்து விட்டுப்போனதாகவும் இருக்கக்கூடும் என்றான். கேனிலிருந்து வருகிற குட் போட்டான்; அதுவும் சரி. மூன்றாமவன், துணி இன்னும் ஈரமாக இருக்கிறது, ஆகவே இன்று காலை மழையில்தான் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்றான். மஸ்ட், மிகவும் சரி. என் முறை வந்தது.

"அது உங்களுடைய குடை சார்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அது அவருடைய குடைதான். கைப்பிடியில் நூல் சுற்றியிருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. "உண்மைதான். இன்றைக்கு எனக்கு உண்மை வேண்டாம், மே வேண்டும்" என்று சொல்லி எனக்குப் பூஜ்யம் போட்டார்.

அதன்பிறகு அந்தச் சொற்களை விழுந்து விழுந்து படித்தேன். ஓர் ஏணி மாதிரி அவற்றை மனதில் வைத்துக்கொண்டேன். அடிப்படியில் மைட். அதற்கு மேல் மே. குட் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏறி இறங்கும். உச்சியில் மஸ்ட். கான்ட் என்றால் ஏணியை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஒரு விஷயம் நமக்குத் தெரியாது என்பதை, எவ்வளவு தெரியாது என்று அளந்து சொல்ல இவர்கள் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆபீசில் அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் கவுன்டருக்கு வருவார்கள். நாகப்பட்டினத்துக் கப்பல் எதிர்பார்க்கிற வாரத்தில் அப்படி வருகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தான். அவர்களுக்கு நான் ஏணியை அப்படியே தமிழில் இறக்கிவைத்தேன். வந்தது வினை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், மகன் வருகிற கப்பலைக் கேட்டு வந்தார்.

"தம்பி, கப்பல் நாளைக்கு வந்துருமா?"

"வரலாங்க. வராமலும் இருக்கலாம்."

அவர் முகம் மாறிவிட்டது. "என்னா தம்பி இது? புள்ள கடல்ல இருக்கான். வராமலும் இருக்கலாம்னு வாயில வருதே ஒங்களுக்கு! இன்ஷா அல்லாஹ் வந்துரும்னு சொல்லணும். எங்கே, சொல்லுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானும் சொன்னேன். அவர் சமாதானமாகிப் போனார். பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வந்துருமெண்டு சொன்னீரோ?"

"ஆண்டவன் நாடினால்னு சேர்த்துத்தான் சொன்னேன் ஐயா."

அவர் சற்று யோசித்தார். "அப்ப பரவாயில்லை. பொறுப்பு எங்கட தலையில இல்லை" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

மெல்ல மெல்ல எனக்குப் புரிந்தது. கடலில் ஆளை விட்டுவிட்டுக் கரையில் நிற்பவர் கப்பல் வருமா என்று கேட்டால், அவர் தகவல் கேட்கவில்லை. நல்ல வார்த்தை கேட்கிறார். கவுன்டரில் இருப்பவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் மனதில் ஏதோ கெட்டது இருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் இது எழுதாத சட்டம். இது தெரிந்தும் நான் வரலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்ததற்கு அர்த்தம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தொங்காங்கில் வேலை. நடுத்துறையில் நிற்கிற கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்க்கிற பெரிய படகு அது. அவர்கள் படகின் தலைவரைத் தண்டல் என்று கூப்பிடுவார்கள். அந்தத் தண்டலுக்கு என்னைக் கண்டால் வேடிக்கை. படகைக் கட்டிவிட்டுப் போகும்போது பலகை முன்னால் நின்று குரல் கொடுப்பார்.

"என்னா கிராணியாரே, இன்னைக்கும் மேதானா?"

"மேதான் அண்ணே."

"வெள்ளக்காரன் மேன்னா அது கட்டாயம் நடந்துரும். நம்மாளு கட்டாயம் நடந்துரும்னு சொல்றான் பாரு, அதுதான்லா மே!"

கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டான். அவன் எதற்குமே அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

அந்த வருஷம் ஆனியில் அண்ணனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அம்மாவின் ஊருக்கு அடுத்த ஊர்ப் பெண், தூரத்து உறவு. அண்ணன் அவளைப் பார்த்ததில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண், தாய்மாமன் வளர்த்தார். அந்த மாமன் கெடாவில் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர வருகிறார். வரும்போதே பெண்ணையும் கப்பலில் கூட்டிவந்து, பினாங்கில் கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, அவர் படகேறி அக்கரைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். இப்படித்தான் பேச்சு.

அண்ணன் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து, மேலே தகரம் போட்டு, ஒரு சின்ன அறை கட்டினான். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஜன்னலை இரண்டு தடவை பிரித்து மாற்றி வைத்தான். முதலில் வைத்த இடத்தில் சாக்கடை தெரிகிறதாம்.

குயின் தெருக் கோயிலில் குருக்கள் குறித்துக் கொடுத்தது ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம், காலையில். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்களில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். கப்பல் அதற்குச் சில நாள் முன்பே வந்துவிட வேண்டியது. ஆகவே யாரும் பயப்படவில்லை. பிறகு காற்று மாறியது.

கப்பல் அந்தமானைத் தாண்டவில்லை என்று ஆபீசுக்குச் செய்தி வந்த அன்று, நான் பலகையில் மே என்று இருந்ததை அழித்துவிட்டு மைட் என்று எழுதினேன். மத்தியானம் அண்ணன் வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

"நேத்து சின்னதா இருந்துச்சே. இன்னைக்கு நீளமா இருக்கு."

"ஆமாண்ணே."

"நீளமா இருந்தா நல்லதா?"

"அவ்வளவு நல்லதில்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படகுக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டார். நான் காற்று, அந்தமான், கப்பலின் வேகம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, முகூர்த்தத்துக்குள் வரலாம், வராமலும் போகலாம், ஆகவே சமையல்காரருக்கு இப்போதே எதையும் முடிவாகச் சொல்ல வேண்டாம் என்றேன்.

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "கல்யாண வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது? வராமப் போகலாமாம். ஒன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?"

"இல்லம்மா, ஆபீஸ்ல..."

"ஆபீஸ்ல நீ என்ன வேணாலும் எழுதிக்க. இந்த வீட்டுல கப்பலப் பத்தி இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது."

அப்பா சுருட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு உண்மையில் என்ன கவலை என்று எனக்குத் தெரியும். ஆடி பிறந்துவிட்டால், கல்யாணமாகாத பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட முடியாது. மாமன் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். தோட்டங்களில் பெண் கிடைக்காமல் இருக்கிற ஆண்கள் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே போன பிறகு கங்காணி ஒரு பேச்சு எடுப்பான், யாராவது ஒருவன் வந்து நிற்பான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாமன் கங்காணியின் பேச்சை எப்படித் தட்டுவார்? ஆவணியில் அந்தப் பெண் எங்களுக்கு இல்லாமல் போகலாம். இதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டதில் ஒரு கஷ்டம் இருந்தது. நான் ஏற்கெனவே சொன்னது என்னை விட்டுவிட்டுத் தனியாக நடக்க ஆரம்பித்தது. எதிர் லைனில் பூக்கட்டி விற்கிற ஓர் அக்கா இருந்தார். புருஷன் இறந்துவிட்டார், தனி ஆள். அம்மா அவரிடம், "முகூர்த்தத்துக்குள்ள வந்துருமாம், ஆபீஸ்ல எம்புள்ள சொன்னான்" என்றார். பூக்கார அக்கா மாலைக்குப் பூ சொல்லிவைத்த இடத்தில், கப்பல் வந்துகொண்டே இருக்கிறது என்றார். அங்கிருந்து அது தண்டலுக்குப் போனது. தண்டல் வழியாகக் கோயிலுக்குப் போனபோது, பெண் கரை இறங்கியாகிவிட்டது. குருக்கள் என்னை வழியில் பார்த்து, "பெண்ணு வந்தாச்சாமே, சந்தோஷம்" என்று திருநீறு பூசிவிட்டார். நான் என்ன சொல்வது? நன்றி சாமி என்றேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் கப்பல் வந்தது. நான் பலகையில் 'வந்தது' என்று எழுதி முடிப்பதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா தெருவில் சூடம் கொளுத்தினார். சமையல்காரரிடம் எல்லாவற்றையும் ஆரம்பிக்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் பெரிய கிராணி ஜன்னலைக் காட்டினார்.

"கொடியைப் பாரும்."

மஞ்சள் கொடி; கப்பலில் தொற்றுநோய் என்று பொருள். கப்பலில் ஒருவனுக்கு உடம்பில் கொப்புளம் போட்டிருக்கிறது. மேல்தளத்தில் படுத்து வருகிற டெக் பயணிகளை எல்லாம் ஜெரஜாக் தீவில் கொரண்டைனுக்கு, நோய் இல்லையென்று தெரியும்வரை தனியாக வைக்க, இறக்கப் போகிறார்கள். பெண்ணும் மாமனும் டெக் பயணிகள்.

பெரிய கிராணியே என்னை அனுப்பிவைத்தார். கொரண்டைன் படகு வந்து நிற்கிற துறைக்குப் போனேன். அங்கே டாக்டருக்கு உதவியாளான ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்த மலையாளி, கட்டைமேல் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். நாளைக்கு விட்டுவிடுவார்களா என்று கேட்டேன்.

"தே குட் பி ரிலீஸ்ட்", விடக்கூடும் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு திரும்பியிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல் என்னுடைய ஆபீஸ் சொல் மாதிரி இருந்தது. அதை நான் தினமும் மற்றவர்களுக்குக் கொடுக்கிறேன். வாங்குவது இதுதான் முதல் தடவை. வாங்கிப் பார்த்தால் அதில் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை.

"எது நடந்தால் விடுவார்கள், எது நடந்தால் விடமாட்டார்கள்?" என்று கேட்டேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பொறுமையாகவே சொன்னார். அந்தக் கொப்புளம் பெரியம்மையாக இருக்கலாம்; அப்படியானால் இரண்டு வாரத்துக்கு மேலாகும், ஒருவரும் தீவை விட்டு நகர முடியாது. வெறும் சின்னம்மையாகவும் இருக்கலாம். தனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. டாக்டர் நாளைக் காலையில் பார்த்துச் சொல்வார். சின்னம்மை என்று சொல்லிவிட்டால், ஒவ்வொருவரையும் சோதித்து ஊசி குத்தி அனுப்புவார்கள். தீவுக்குப் போகிற லாஞ்ச் படகு காலையில் அரிசி ஏற்றிக்கொண்டு போனால், பொழுது சாயத்தான் திரும்பும்.

"அப்படியானால் காலையில் அவர்கள் இங்கே இருக்க முடியாது."

"தே கான்ட்."

"சாயங்காலம்?"

"தே மே."

"மஸ்ட் என்று சொல்ல முடியாதா?"

அவர் சிரித்தார். "அந்தத் தீவில் மஸ்ட் ஒன்றே ஒன்றுதான், ஊசி" என்றார்.

வீட்டுக்கு வந்து, அம்மா தடை போட்டிருந்தும் வாயைத் திறந்தேன். "காலை முகூர்த்தத்துக்குப் பொண்ணு வர முடியாது" என்றேன். மே இல்லை, மைட் இல்லை. முடியாது.

அழுகையோ ஏச்சோ வரும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அப்போ சாயங்காலம்?" என்றார். நான் டிரெசர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நாளைச் சாயங்காலம் கோதூளி வேளையில் ஒரு லக்னம் இருக்கிறது, அதற்குள் வந்தால் கட்டிவிடலாம் என்று குருக்கள் சொல்லியனுப்பினார்.

சமையல்காரர் வாசலில் வந்து நின்றார். "அம்மா, காயி நறுக்கவா, நிறுத்தவா? பொண்ணு வருமா, வராதா?"

"நறுக்கு" என்றார் அம்மா.

"தம்பி என்னமோ வரலாம்னுதானே..."

"நறுக்குன்னு சொல்றேன்ல. நாம ஒலைய வைக்காம இருந்தா, அவ வரமாட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிராதா?"

இதற்கு எந்த ஏணியிலும் படி கிடையாது. சமையல்காரருக்கு மட்டும் அது உடனே புரிந்தது. போய் உலை வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் தீவிலிருந்து நல்ல செய்தி வந்தது. சின்னம்மைதான். லாஞ்ச் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. அண்ணன் பட்டுக்கரை வேட்டி கட்டிக் கோயிலில் உட்கார்ந்திருந்தான். நானும் அப்பாவும் பூக்கார அக்காவும் துறையில் நின்றோம். அக்கா மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். வெயில் இறங்கி, நீர் செம்பு நிறமான நேரத்தில் லாஞ்ச் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

நான் டிரெசரிடம் ஓடினேன். பெண்களைச் சோதிக்கிற நர்ஸ் வரத் தாமதமாகிவிட்டது. பெண்களும், அவர்களோடு வந்த ஆட்களும் தீவிலேயே இருக்கிறார்கள். நாளைக் காலையில் தனி லாஞ்ச் விடுகிறார்கள் என்றார். "நான் மே என்றுதானே சொன்னேன்" என்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். ஆமாம், அவர் அப்படித்தான் சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கோயிலில் குருக்கள் இருட்டும்வரை பார்த்துவிட்டு, லக்னம் முடிந்தது என்று எழுந்துகொண்டார். வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் சாப்பாடு அடுக்கியிருந்தது. விருந்தாளிகள் இலை முன்னால் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் தண்டல்தான் முதலில் உட்கார்ந்தார்.

"கல்யாணந்தான் நிக்கிது. சோறு என்னா பாவம் பண்ணுச்சு? போடுங்கலா."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆள் பற்றவில்லை என்று அண்ணன் பட்டுக்கரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினான். மாப்பிள்ளையே பந்தி பரிமாறிய கல்யாணம் எங்கள் லைனில் அது ஒன்றுதான். பாயசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் யாரோ மெல்லச் சொன்னார்கள். கடைசிப் பந்தியில் என் இலைக்கு வந்தபோது அண்ணன் குனிந்து கேட்டான்.

"நாளைக்கு வந்ததும் அவ மாமன் கூட்டிட்டுப் போயிருவாரா?"

"போகலாம்" என்றேன். பிறகு, "போகாமலும் இருக்கலாம்" என்றேன். வராமலும் போகலாம் என்று சொன்னபோது வீட்டில் எல்லாரையும் நோகடித்த அதே மாதிரிப் பேச்சுதான். இந்தத் தடவை அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான்.

ஆடி முதல் நாள் காலையில் துறையில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். லாஞ்சிலிருந்து மாமன் முதலில் இறங்கினார். மெலிந்த மனிதர், கப்பல் மயக்கம் இன்னும் தெளியாத முகம். பின்னால் பெண் இறங்கினாள். கையில் ஊசி குத்திய இடத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். கரையில் கால் வைத்ததும் ஒருகணம் தடுமாறி நின்று, யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்தாள். அவளுடைய தகரப் பெட்டியைக் கூலி ஒருவன் இறக்கி வைத்தான்.

அம்மாதான் ஆரம்பித்தார். "ஒரு மாசந்தானேண்ணே. ஆவணி பொறந்ததும் முடிச்சிருவோம்."

"ஆமா தங்கச்சி. ஆடி முடியட்டும், பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போந்தான். தோட்டத்துல என்னா நெலமையோ. கங்காணி லீவு குடுக்கணும். நான் எடத்துக்குப் புதுசு."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் சண்டை போட்ட அம்மா, மாமனிடம் ஒன்றும் பேச முடியாமல் நின்றார். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரெசரிடம் கேட்ட மாதிரியே கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மாமா, பொண்ண இங்க விட்டுட்டுப் போக எது தடுக்குது? அதச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் படிச்ச தம்பியா? கட்டாத புள்ளைய மாப்ள வீட்டுல எப்பிடிப்பா விட்டுட்டுப் போறது? நாளைக்கு ஊர்ல என்னா பேசுவாங்க?"

"அது ஒண்ணுதானா?"

"வேற என்னா?"

பூக்கார அக்கா முன்னால் வந்தார். "மாப்ள வீட்டுல யாரு விடச் சொன்னா? எங்கூட இருக்கட்டும். நான் ஒண்டிக்கட்ட, ஆம்பள நடமாட்டமே கெடையாது. நடுவுல ஒரு தெரு இருக்கு. அந்தத் தெருவ ஆடி முடியிறவரைக்கும் மாப்ள தாண்டட்டும் பாப்போம், கால ஒடிச்சிருறேன்."

தண்டல் பின்னாலிருந்து உரக்கச் சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில் பிடிக்கிறவர்களுக்கான படகு கிளம்பப் போகிறது என்று யாரோ கூவினார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"யோசிக்கலாம்" என்றார். "மொதல்ல தோட்டத்துக்குப் போயி, ஒரு கடுதாசி போடுறேன். அதுக்கப்பறமா..."

"நான் இங்கேயே இருக்கேன் மாமா."

பெண்தான் சொன்னாள். குரல் கப்பலில் வாந்தியெடுத்துக் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"நீ சும்மா இரு" என்றார் மாமன்.

"சும்மாதான் மாமா இருக்கப்போறேன். அந்த அக்கா வீட்டுல இருக்கேன். இன்னொரு படகுல என்னால ஏற முடியாது."

அம்மா பெண்ணின் தோளில் கை வைத்தார். படகு இரண்டாம் தடவை சங்கு ஊதியது. மாமன் இடுப்பிலிருந்து சின்ன முடிச்சு ஒன்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்து, "ஒங்கம்மா தோடு. பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, படகை நோக்கி வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

அண்ணன் குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூக்கார அக்காவைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கமாப் போகணுங்க்கா?"

"இந்தப் பக்கம் வா. ஜட்கா வருது, பாத்து" என்று அக்கா அவள் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்தினார்.